பத்து பி, ஆறாவது பீரியட்

ஆகஸ்ட் 5, திங்கள்

பொதுப்பணித்துறையிலிருந்து மூன்று பேர் வந்து மாடிக் கட்டடத்துக்கு சீல் வைத்துவிட்டுப் போனார்கள். போன வாரம் மேல்தளத்திலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து விழுந்ததற்கு இந்த வேகம். நல்லதுதான். ஆனால் பதினெட்டு அறை இருந்த பள்ளியில் இனி ஒன்பது அறை. வியாழக்கிழமையிலிருந்து ஷிப்டு முறை. ஏ பிரிவுகள் காலை ஏழரை முதல் பன்னிரண்டே கால் வரை. பி பிரிவுகள் பன்னிரண்டே முக்கால் முதல் ஐந்தரை வரை.

ஏ பிரிவுகள் ஆங்கில வழி. பெரும்பாலும் டவுன் பிள்ளைகள். நடந்தே வந்துவிடுவார்கள். பி பிரிவில் பாதிக்கு மேல் பட்டிக்காடுகளிலிருந்து வருபவர்கள், காலை முதல் பஸ்ஸே எட்டு இருபதுக்குத்தான் வரும். அதனால் யாருக்கு எந்த ஷிப்டு என்பதில் விவாதமே இல்லை.

புதிய கால அட்டவணை போடும் வேலை வழக்கம்போல என் தலையில். கோமதிநாயகம் சார் தலைமையாசிரியராக வந்த நாளிலிருந்து நான்தான் போடுகிறேன். கணக்கு டீச்சர் என்றால் கட்டங்களை நிரப்பிவிடலாம் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. இன்னொரு கணக்கு ஆசிரியர் இடம் ஒரு வருடமாகக் காலி. ஆகவே இரண்டு ஷிப்டிலும் கணக்கு நானே.

ஆகஸ்ட் 7, புதன்

அட்டவணை முடிந்தது. காலையில் எனக்கு முதல் நான்கு பீரியட். மாலையில் ஒன்பது பி, பத்து பி, இரண்டும் கடைசி இரண்டு பீரியடில். வேறு இடம் அமையவில்லை. நடுவில் வீட்டுக்குப் போய்வர சார் அனுமதித்துவிட்டார்.

தனபால் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "ஒரு ஆளு ரெண்டு ஷிப்டு பாக்கணும்னா அரசாங்கம் ரெண்டு சம்பளம்லா தரணும்" என்றார். ஆறுதலுக்காவது இப்படிச் சொல்ல ஒரு கணவர் இருக்கிறார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

பத்து பி-யில் முப்பத்தெட்டு பேர். இருபத்திரண்டு பேர் பஸ் பிள்ளைகள். அவர்களுடைய டவுன் பஸ் ஐந்து பத்துக்கு. நிறுத்தத்துக்குப் பத்து நிமிட நடை. அதை விட்டால் அடுத்த வண்டி ஏழரைக்கு. பெண் பிள்ளைகளை அதுவரை நிறுத்திவைக்க முடியாது என்று பெற்றோர்கள் வந்து சொல்ல, பஸ் பிள்ளைகள் நாலு ஐம்பத்தைந்துக்குக் கிளம்பலாம் என்று சார் சுற்றறிக்கை விட்டுவிட்டார்.

என் பீரியட் ஆரம்பிப்பது நாலே முக்காலுக்கு.

பத்து நிமிடத்தில் என்ன நடத்துவது? தேதி எழுதி, தலைப்பு எழுதி, முதல் வரியை எழுதும்போது பின்னால் பை மூடும் சத்தம் கேட்கிறது. இருபத்திரண்டு பைகள். இதைச் சொன்னால் சார் கைகளை விரிக்கிறார். கை விரிப்பதற்கென்றே ஒரு பதவி.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

கடைசிப் பீரியடில் பதினாறு பேர். அதில் நான்கு பேர் பலகையைப் பார்த்தார்கள்.

செப்டம்பர் 4, புதன்

பள்ளிக் கடிதத்தோடு பஸ் டிப்போவுக்குப் போனேன். ஒரு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்த பிறகு கிளை மேலாளர் கூப்பிட்டார். கடிதத்தை நின்றபடியே படித்தார்.

"டீச்சரம்மா, இது மில்லு ஷிப்டு முடிஞ்சு வாரவங்களுக்கு விட்ட வண்டி. முப்பது நிமிசம் தள்ளுனா அங்க இருநூறு பேரு ரோட்டுல நிப்பான்."

"பத்தாங்கிளாஸ் பிள்ளைங்க சார். பப்ளிக் எக்ஸாம் இருக்கு."

"எனக்கும் பிள்ளைங்க இருக்கு. நான் என்ன சொல்லுதேன்னா, உங்க பெல்ல நீங்க மாத்தலாம். என் வண்டிய நான் மாத்த முடியாது."

கடிதத்தை ஒரு கோப்பில் செருகினார். அந்தக் கோப்பிலிருந்து எதுவும் வெளியே வந்ததாகத் தெரியவில்லை. பெல்லை மாற்றவாம். ஷிப்டை முன்னால் தள்ளினால் காலை ஷிப்டு ஏழுக்கு முன்பே தொடங்க வேண்டும். இவருக்குப் பள்ளிக்கூடம் நடத்துவதைப் பற்றி என்ன தெரியும்?

செப்டம்பர் 11, புதன்

ஒன்பது பி-யை முடித்துவிட்டுப் பத்து பி-க்குள் நுழைந்தேன். மூன்றாவது பெஞ்சில் சங்கரேஸ்வரி தலையைக் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். போன வருடம் ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் எழுபது எடுத்தவள். எழுப்பி நிறுத்தினேன். விரல்நுனியெல்லாம் பச்சைக் கறை.

"எத்தன மணிக்கு எந்திச்ச?"

"நாலு மணிக்கு டீச்சர். பிச்சிப்பூ எடுக்கப் போவோம்."

"முந்தியும் போவியே. அப்பல்லாம் தூங்கலையே?"

"முந்தி ஏழரைக்கே அம்மா ஸ்கூலுக்குப் போன்னு அனுப்பிருவாங்க. இப்ப மத்தியானந்தான ஸ்கூலுன்னு பத்து பத்தரை வரைக்கும் எடுக்கச் சொல்லுதாங்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள் மணி நாலு ஐம்பத்தைந்து. பையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். போ என்று தலையசைத்தேன்.

ஷிப்டு என்று ஒன்று வந்தால் பெற்றோர்களுக்குக் காலைப் பொழுது இலவசம். யாரிடம் போய்ச் சொல்ல?

செப்டம்பர் 13, வெள்ளி

உடற்கல்வி ஆசிரியர் ஜெபதாஸ் என்னிடம் சண்டைக்கு வந்தார். பத்து பி-க்கு இரண்டாவது பீரியடில், அதாவது மதியம் ஒன்றரை மணிக்கு, விளையாட்டு போட்டிருக்கிறதாம். "உச்சி வெயில்ல கிரவுண்டுல கால வைக்க முடியல டீச்சர். நான் அதுகள மரத்தடியில உக்கார வச்சிட்டு நானும் உக்காந்திருக்கேன்."

ஆளாளுக்கு ஒரு குறை. எல்லோருடைய வசதிக்கும் அட்டவணை போட முடியுமா?

அக்டோபர் 7, திங்கள்

காலாண்டு விடைத்தாள்கள் கொடுத்தாயிற்று. கணக்கு சராசரி: பத்து ஏ அறுபத்தாறு. பத்து பி இருபத்தொன்பது. ஒரே ஆசிரியர், ஒரே புத்தகம், ஒரே வினாத்தாள்.

ஆசிரியர் அறையில் அறிவியல் டீச்சர் பொன்னுத்தாய் தன் பட்டியலை விரித்து வைத்திருந்தார். பி-யில் அறிவியல் சராசரி ஐம்பத்தொன்று. போன வருடத்தை விட நாலு மார்க்தான் குறைவு.

"கணக்குதான் ஒரேயடியா விழுந்துருக்கு, ஹெப்சிபா. மத்த பாடமெல்லாம் அவ்வளவு மோசமில்ல. என்னவாருக்கும்?"

"சயின்ஸ் மனப்பாடம் பண்ணி எழுதிரலாம்" என்றேன். கணக்கு அப்படியல்ல. இது அவருக்கே தெரியும். தெரிந்தும் கேட்கிறார்.

கிருபா தொண்ணூற்றாறு எடுத்திருக்கிறாள். ஏ பிரிவில் முதலிடம். என் மகள் என்பதற்காக நான் ஒரு மார்க் கூடப் போடவில்லை, அவள் தாளைத் திருத்தப் பொன்னுத்தாயிடம்தான் கொடுத்தேன்.

அக்டோபர் 16, புதன்

மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கூட்டம். நாற்பது சதவீதத்துக்குக் கீழே சராசரி உள்ள வகுப்புகளின் ஆசிரியர்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு பெஞ்சிலிருந்து எழுந்து நின்றேன். பத்து நாளில் விளக்கக் கடிதம் தர வேண்டும்.

பஸ்ஸில் திரும்பும்போது கோமதிநாயகம் சார் முன் சீட்டில் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பாமலே, "நல்லா விவரமா எழுதிருங்க டீச்சர். நம்ம மேல தப்பு இல்லன்னு தெரியணும்" என்றார்.

அக்டோபர் 21, திங்கள்

கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். கட்டடம் மூடப்பட்டது, பேருந்து நேரம், போக்குவரத்துக் கழகத்தின் ஒத்துழையாமை, மாணவர்கள் காலையில் வேலைக்குப் போவது, பெற்றோரின் அக்கறையின்மை, காலிப் பணியிடம். எல்லாம் உண்மை. ஒரு வரிகூடப் பொய் இல்லை. சார் படித்துவிட்டு மகிழ்ச்சியாகக் கையெழுத்திட்டார்.

அக்டோபர் 26, சனி

சங்கரேஸ்வரி மூன்று நாளாக வரவில்லை. ஸ்கூட்டரில் அவள் ஊருக்குப் போனேன். பதினொரு கிலோமீட்டர். அம்மா பேச்சியம்மாள் வாசலில் பூவை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். பிள்ளைக்குக் காய்ச்சலாம். உள்ளே படுத்திருந்தாள்.

"பப்ளிக் எக்ஸாம் வருஷம். காலைலயாவது அவள விட்டுருங்க. படிக்கட்டும்" என்றேன்.

"நான் வேண்டாம்னா சொல்லுதேன். புஸ்தகத்த எடுத்தா அழுதா டீச்சர். கணக்கு ஒன்னும் புரியலங்கா. பெயிலாத்தான் போவேன்னு அவளே சொல்லுதா. அதான் இவ அத்த மக இருக்க மில்லுல கேட்டு வச்சிருக்கேன். ஆஸ்டல்ல தங்கிக்கிடலாம். பெயிலாயி வீட்ல கெடக்குறதுக்கு அது தேவலலா?"

"பதினஞ்சு வயசுப் பிள்ளைய மில்லுக்கு அனுப்பக் கூடாதும்மா."

"அப்ப நீங்க பாஸாக்கி விடுங்க" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார்.

திரும்பும் வழி முழுக்க எனக்கு ஆத்திரம். எல்லோரும் செய்வதைச் செய்துவிட்டுக் கடைசியில் டீச்சரைக் கைகாட்டுகிறார்கள்.

நவம்பர் 13, புதன்

இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

நாலு ஐம்பத்தைந்துக்கு எல்லோரும் கிளம்பிய பிறகு சங்கரேஸ்வரி மட்டும் வாசலில் நின்றாள்.

"பஸ் போயிராதா?"

"ஓடிப்போயிருவேன் டீச்சர். ஒன்னு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"எங்களுக்கு ரெண்டாவது பீரியடு தெனமும் விளையாட்டு, ஓவியம், லைப்ரரின்னு வருது. வெயில்ல சும்மாதான் உக்காந்திருக்கோம். கணக்க அங்க மாத்திட்டு அதையெல்லாம் கடைசிக்குப் போட்டா நாங்க போனாலும் ஒன்னுமில்லலா? பஸ்ஸெல்லாம் மாத்த வேண்டாம்லா."

"டைம்டேபிள் அவ்வளவு லேசுல மாத்துற விஷயம் இல்ல. நீ முதல்ல ஒழுங்கா வா. வகுப்புல தூங்காம இரு."

"சரி டீச்சர்."

ஓடினாள். பை முதுகில் குதித்துக்கொண்டே போனது.

ஒரு அட்டவணை போட எத்தனை ஆசிரியர், எத்தனை அறை, எத்தனை பாடம் பார்க்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தினம். மிட்டாய் கொடுத்தோம். தலைவலி.

நவம்பர் 18, திங்கள்

காலை வகுப்பு முடிந்து பத்தே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தேன். சமைத்தேன். முக்கால் மணி நேரம் படுத்தேன். பன்னிரண்டரைக்குக் கிருபா வந்தாள். சாப்பிட்டதும் வழக்கம்போல முக்கோணவியல் நோட்டை எடுத்து உட்காரவைத்தேன். ஒன்றரை மணி.

"ம்மா, இத காலையிலேயே கிளாஸ்ல நடத்திட்டீங்களே."

"இன்னொரு தடவ போட்டா மறக்காது."

"எனக்குப் புரிஞ்சிட்டும்மா. ரெண்டு தடவ கேட்டா போரடிக்குது."

திட்டினேன். கொஞ்சம் அதிகமாகவே திட்டிவிட்டேன். சுவரில் கடிகாரம் ஒன்று முப்பத்தைந்து காட்டியது. அந்த நேரத்தில் பத்து பி மரத்தடியில் உட்கார்ந்திருக்கும்.

நவம்பர் 22, வெள்ளி

மதியம் தூக்கம் வரவில்லை. அட்டவணைத் தாளை எடுத்து, பென்சிலால் மாற்றிப் பார்த்தேன். பத்து பி-யின் இரண்டாவது பீரியடையும் ஆறாவதையும் இடம் மாற்றினால் ஓவிய ஆசிரியருக்கு ஒரே ஒரு நாள் இடிக்கிறது. அதை வியாழனுக்குத் தள்ளினால் சரியாகிவிடுகிறது. ஜெபதாஸ் கும்பிட்டு வரவேற்பார். ஒன்பது பி-யையும் மூன்றாவது பீரியடுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

பதினொரு நிமிடம் ஆனது.

"வேறு இடம் அமையவில்லை" என்று ஆகஸ்டில் எழுதியிருக்கிறேன். நான் வேறு இடம் தேடவே இல்லை. பத்தே முக்காலிலிருந்து நாலு மணி வரை வீட்டில் இருக்க வேண்டும் என்று முதலில் என் கட்டங்களை நிரப்பினேன். பிறகுதான் மற்றவர்களுடையது. சமையல், தூக்கம், கிருபாவின் பாடம். காலையில் ஐந்து மணிக்கு எழுகிற மனுஷிக்கு ஓய்வு வேண்டும்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஓய்வை யாரிடமிருந்து எடுத்தேன் என்பதும் இந்தத் தாளிலேயே இருக்கிறது.

டிசம்பர் 2, திங்கள்

இன்னும் சாரிடம் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் அரையாண்டு. இந்த நேரத்தில் மாற்றினால் எல்லோருக்கும் குழப்பம். ஜனவரியில் பார்க்கலாம்.

டிசம்பர் 23, திங்கள்

பத்து பி, கணக்கு சராசரி இருபத்தேழு. சங்கரேஸ்வரி பதினாலு. கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கை ஆரம்பித்து, முதல் படியை மட்டும் சரியாகப் போட்டு விட்டிருக்கிறாள். என் பீரியடில் அவள் கேட்டது எப்போதும் அந்த முதல் படி வரைதான்.

ஜனவரி 2, வியாழன்

புதிய அட்டவணையை சாரிடம் கொடுத்தேன். "இத முந்தியே செஞ்சிருக்கலாமே டீச்சர்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான். ஐந்து மாதம் நான் கட்டிக் காத்த சிரமம் அவருக்கு அரை நிமிடம்.

ஒன்றரை மணிக்கு பத்து பி-க்குள் போனேன். வகுப்பு நிறைந்திருந்தது. நாற்பத்தைந்து நிமிடமும் யாரும் பையைத் தொடவில்லை. ஒரு கணக்கைத் தொடங்கி, முடித்து, அவர்களையே இன்னொன்று போடவைத்து, மேசை மேசையாகப் போய்ப் பார்த்தேன். இந்த வகுப்பில் மேசை மேசையாகப் போவது இந்த வருடத்தில் இதுதான் முதல் முறை.

முப்பத்தேழு பேர். சங்கரேஸ்வரி இல்லை.

ஜனவரி 4, சனி

அவள் வீட்டுக்குப் போனேன். மில்லுக்குப் போய் எட்டு நாள் ஆகிறதாம்.

"மார்க் வந்த அன்னிக்கே பெட்டிய கட்டிட்டா" என்றார் பேச்சியம்மாள். "நான் சொல்லிக் கேக்கல. இப்ப என்னமோ கணக்கு பீரியட மாத்திட்டீங்களாமே. பக்கத்து வீட்டுப் பய சொன்னான்."

"ஆமா."

"ரெண்டு வாரத்துக்கு முந்தி மாத்திருந்தா நான் அவ கால்ல விழுந்தாவது நிறுத்திருப்பேன்."

விடுதி தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பேச விடுவார்களாம்.

ஜனவரி 5, ஞாயிறு

ஆலயத்துக்குப் போகவில்லை. நான்கு முறை கூப்பிட்ட பிறகு விடுதிக் காப்பாளர் அவளை அழைத்தார்.

"டீச்சரா?"

"எப்படிம்மா இருக்க?"

"இருக்கேன் டீச்சர். சத்தம்தான் ஜாஸ்தி. காதுக்குள்ள கேட்டுக்கிட்டே இருக்கு."

"கணக்க ரெண்டாவது பீரியடுக்கு மாத்தியாச்சு. நீ சொன்ன மாதிரியே."

எத்தனையோ விதமாக யோசித்து வைத்திருந்தேன். கடைசியில் நேராகவே சொன்னேன். "சங்கரேஸ்வரி, அந்த டைம்டேபிளப் போட்டதே நான்தான். என் வசதிக்குத்தான் போட்டேன்."

"தெரியும் டீச்சர். ஆபீஸ் வாசல்ல ஒட்டிருந்ததுல கீழ உங்க பேருதான போட்டிருந்துச்சு. எங்க எல்லாருக்கும் தெரியும்."

"அப்புறம் ஏன் யாரும் கேக்கல?"

"நான் கேட்டேம்லா."

ஜனவரி 8, புதன்

மாவட்டக் கல்வி அலுவலருக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். அக்டோபரில் எழுதியதில் விடுபட்ட ஒரு காரணத்தைச் சேர்த்தேன்: பத்து பி-க்குக் கணக்கைக் கடைசிப் பீரியடில் வைத்தது நான், அதைத் தவிர்த்திருக்க முடியும்.

சார் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உங்க தலையில நீங்களே மண்ண அள்ளிப் போடுதீங்க டீச்சர். கேட்டாங்களா? யாரும் கேக்கலையே."

"அனுப்பிருங்க சார்."

ஜனவரி 16, வியாழன்

பொங்கல் விடுமுறைக்கு அவள் வந்திருப்பாள் என்று போனேன். வந்திருந்தாள். மெலிந்திருந்தாள். இரண்டு மணி நேரம் அம்மாவும் மகளும் நானும் பேசினோம். பேச்சியம்மாள் பாதி நேரம் என்னோடு சண்டை போட்டார், பாதி நேரம் மகளோடு. தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் ஏற்கெனவே போய்விட்டது, அவள் பெயர் அதில் இருக்கிறது, எழுதலாம் என்று சொன்னேன். பாஸாவாளா என்று கேட்டார். தெரியாது என்றேன். அந்த ஒரு பதிலுக்குப் பிறகுதான் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

ஜனவரி 27, திங்கள்

வந்துவிட்டாள். மூன்றாவது பெஞ்ச். மில் கணக்கை முடித்துப் பெட்டியை வாங்கி வர இத்தனை நாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கல்வி அலுவலகத்திலிருந்து குறிப்பாணை, என் இரண்டாவது கடிதத்தின் பேரில். பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். தனபாலிடம் காட்டினேன். "இதுக்குத்தான் சொன்னேன்" என்றார். அவர் எதுவும் சொல்லவில்லை, உண்மையில். நானும் திருத்தவில்லை.

முதல் திருப்புதல் தேர்வில் பத்து பி சராசரி நாற்பத்திரண்டு.

ஏப்ரல் 7, திங்கள்

கணக்குத் தேர்வு முடிந்தது. வெளியே வந்த சங்கரேஸ்வரி, "அஞ்சு மார்க் கேள்விதான் டீச்சர், நேரம் பத்தல" என்றாள்.

மே 16, வெள்ளி

முடிவுகள். பத்து பி-யில் முப்பத்தொரு பேர் கணக்கில் தேறியிருக்கிறார்கள். ஏழு பேர் இல்லை. சார் எனக்குக் கைகொடுத்தார், சராசரியைப் பார்த்தால் இது பெரிய ஏற்றம் என்றார். கிருபா நூறு. வீட்டில் பாயசம்.

சங்கரேஸ்வரி முப்பத்தொன்று. மற்ற எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி. நாலு மார்க்.

பதினொரு மணிக்குப் பள்ளிக்கு வந்தாள். அழுது முடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்பது தெரிந்தது.

"இன்னும் ஒரு மாசம் கெடச்சிருந்தா பாஸாயிருப்பேன் டீச்சர்."

"ஆமா" என்றேன். வேறு எதையும் அதோடு சேர்க்கவில்லை.

துணைத்தேர்வு விண்ணப்பத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவளே நிரப்பினாள். ஜூலையில் தேர்வு. அம்மா இப்போதைக்கு மில் பேச்சை எடுக்கவில்லையாம், ஆனால் பூச் சீசன், காலையில் விட மாட்டாராம்.

"ஜூலை வரைக்கும் தெனமும் உனக்கு நான் கணக்கு சொல்லித் தாரேன். எந்த நேரம் உனக்குச் சௌகரியப்படும்?"

அவள் பேனாவை மூடினாள். நான் கேட்டது நிஜமா என்று பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். பிறகு, "ஒன்றரை மணி, டீச்சர். பூ எடுத்துட்டு, குளிச்சிட்டு, கொஞ்சம் கண்ணசந்துட்டு வந்துருவேன்" என்றாள்.

ஒன்றரை மணி என்று எழுதிக்கொண்டேன்.